மூன்றாவது பூச்சு

அப்பா கார் எஞ்சினின் மேல்மூடியை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் சோறுகூட மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. அதைக் கழுவி, துருவைச் சுரண்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை கந்தப்பளை கராஜ் முதலாளியிடம் காட்ட வேண்டும். வேலை பிடித்துப்போனால் கொழும்பிலுள்ள தன் பெரிய கராஜுக்கு அப்பாவை அனுப்புவாராம். வீட்டுக்கு மாதம் ஒருமுறை வரலாம். இதைக் கேட்ட அம்மா, பெயின்ட் நாற்றத்தில் தலை வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் ஊர்ப் பனிமூட்டத்துக்கு அப்பாவின் அவசரம் எங்கே தெரியும்? முதல் பூச்சு வெளுத்துப்போனது. இரண்டாவதில் கொப்புளம் கிளம்பியது. இரண்டு முறையும் அப்பா முழுவதையும் சுரண்டி எடுத்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அலுத்துவிட்டது.

சனிக்கிழமை பிற்பகல் மூன்றாவது பூச்சை அடித்து, அடுப்புக்கு மேலே துணி காயப்போடும் கம்பியில் மூடியைத் தொங்கவிட்டார்.

"பொக பட்டா எல்லாம் போச்சு. காஞ்ச வெறகா வையி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போனார்.

கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அம்மா, நனைந்த சேலையோடு அடுப்பு முன் உட்கார்ந்தாள். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அன்று கட்டிவந்த பச்சைத் தேயிலைக் குச்சிகளான மிலாறை எடுத்து உள்ளே தள்ளினாள். புகை கிளம்பியது.

"அம்மா, காஞ்ச வெறகு மூலையில இருக்கு."

"இருக்கட்டும்டி."

பாவம், எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லை என்று நினைத்தேன். ஓடிப்போய்க் காய்ந்த விறகை அள்ளிவந்து, பச்சை மிலாறை வெளியே இழுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்துவிட்டு விட்டாள். அடுப்பு புகையில்லாமல் எரிந்தது.

மூடி பளபளவென்று காய்ந்தது. முதலாளிக்கும் பிடித்துப்போனது. அடுத்த வாரமே அப்பா பஸ் ஏறினார். பஸ் வளைவில் மறைந்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

"நான் மட்டும் காஞ்ச வெறக வைக்கலன்னா அப்பாவுக்கு இந்த வேல கெடைச்சிருக்குமாம்மா?"

"கெடைச்சிருக்காது" என்றாள் அம்மா.

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.