மண்டபம் பூட்டியிருந்த நாள்

கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து நாங்கள் இருவரும் மூன்று வருடம் இருந்தோம். ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே துறையில் தற்காலிக விரிவுரையாளர்கள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, நான் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். மாணவர்கள் எதிர்த்துக் கேள்வி கேட்டால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். பயப்படாமல் வாய் திறக்க மிஞ்சியிருக்கும் ஒரே இடம் கம்பஸ்தான் என்று அடிக்கடி சொல்வாள். நான் அதை நம்பினேன்.

அந்த வருடம் எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் தோட்டப் பெண்களின் உடல்நலம் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். கொழுந்து பறிக்கும் மலையில் கழிப்பறை இல்லாததைப் பெண்கள் பெரிய குறையாக நினைக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கடைசிப் பக்கங்களில் பேட்டி கொடுத்தவர்களின் பட்டியல். அதில் என் அம்மாவின் பெயர்.

உடனே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். யாரும் வந்து எதையும் கேட்கவில்லை என்றார். தோட்டத்து ஆபீசில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். லீவு விஷயம் என்று நினைத்துப் போட்டாராம்.

தோழியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த விடைத்தாள்களைக் கீழே வைத்தாள்.

"இதை நீர் விடக்கூடாது. அந்த மனுசியளையே கூப்பிட்டுக் கதைக்க வைப்பம். பேராசிரியரும் வந்து பதில் சொல்லட்டும்."

அப்படித்தான் அந்தத் திறந்த கலந்துரையாடல் முடிவானது. மண்டபம் கேட்டு எழுதிய கடிதத்தின் வாசகம் முழுவதும் அவளுடையது. கையெழுத்து மட்டும் என்னுடையது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு கையெழுத்துப் போனால் சதி மாதிரித் தெரியும் என்றாள். சரியாகத்தான் பட்டது. அனுமதியும் கிடைத்தது.

கூட்டத்தன்று அம்மாவும் அந்தப் பட்டியலில் இருந்த இன்னும் நான்கு பெண்களும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, கோயிலுக்குக் கட்டும் சேலையில், முதல் பஸ் பிடித்து வத்தேகமையில் மாறி வந்து சேர்ந்தார்கள். மண்டபம் பூட்டியிருந்தது. திறக்க வேண்டாமென்று மேலிடத்து உத்தரவு என்று காவலாளி சிங்களத்தில் சொன்னார். மாணவர்கள் முப்பது பேர் வரை வெளியே நின்றார்கள். முதல்நாள் ஊருக்குப் போயிருந்த தோழிக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. புல்தரையில் உட்கார்ந்து பேசுவோம் என்றேன். பெண்கள் உட்காரும் முன்பே இன்னொரு காவலாளி வந்து அவர்களுடைய அடையாள அட்டைகளை வாங்கிப் படம் எடுத்தார். மாணவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

பஸ் ஏறும்போது அம்மா கேட்டார், "நாங்க ஏதாச்சும் தப்பா பேசிருவோம்னு பயந்துட்டாங்களா?"

பஸ் காசை அவர் கையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள். பீடாதிபதியும் இன்னும் இருவரும் இருந்தார்கள். மேசையில் அச்சிட்ட தாள்கள். என் வாட்ஸ்அப் செய்திகள்! 'இது ஆய்வு இல்லை, பச்சைப் பொய்' என்று கோபத்தில் எழுதியதிலிருந்து, பேராசிரியரைக் கிண்டல் செய்தது வரைக்கும் எல்லாம். அவை உலகத்தில் ஒரே ஒருத்திக்கு மட்டும் நான் அனுப்பியவை. வெளியாட்களைக் கொண்டுவந்து மாணவர்களைத் தூண்டினேனா என்று கேட்டார்கள். அறிக்கையே அவர்களைப் பற்றியதுதான், அவர்கள் எப்படி வெளியாட்கள் என்று கேட்டேன். ஆய்வைப் பற்றி விவாதிக்க ஒரு தகுதி வேண்டும் என்று ஒருவர் மிக மென்மையாகச் சொன்னார். மற்ற கேள்விகள் எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் ஊரிலிருந்து திரும்பி, கறிக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீங்களா கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஓம், நான்தான் குடுத்தனான். கூட்டத்துக்கு முதல் கிழமையே பீடத்தில என்னைக் கூப்பிட்டுக் கேட்டவை. நிரந்தர நியமனம் வருது. எங்கட வீட்டில உழைக்கிறது நான் ஒராள்தானே."

"அப்ப என்னை ஏன் தூண்டி விட்டீங்க?"

"அப்ப நான் உண்மையாத்தான் சொன்னனான்."

அவள் பொய் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மண்டபம் திறக்காது என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஐந்து பெண்கள் விடியுமுன் புறப்பட்டு வருவார்கள் என்பதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களை வர வேண்டாம் என்றிருப்பேன். அதைக்கூட அவள் செய்யவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவளுக்கு நியமனம் கிடைத்தது. அறிக்கை புத்தகமாகவும் வந்தது, அதே பட்டியலுடன். நான் கண்டி டவுனில் ஒரு தனியார் வகுப்பில் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன்.

அன்று வெளியே நின்ற மாணவிகளில் ஒருத்தி பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே தோட்டத்துக்குப் போய், அந்த ஐந்து பேரும் சொன்னதையெல்லாம் எழுதியெடுத்துத் தன் இறுதியாண்டு ஆய்வில் ஓர் அத்தியாயமாகச் சேர்த்தாள். வரைவை எனக்கு அனுப்பினாள். நல்ல எழுத்து; இரண்டு தடவை வாசித்தேன். போன மாதம் அவள் போன் எடுத்தாள். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால்தான் கையொப்பமிடுவேன் என்று மேற்பார்வையாளர் சொன்னாராம்.

"எடுத்துட்டேன் மிஸ்," என்றாள்.

மேற்பார்வையாளர் யார் என்று கேட்டேன். என் பழைய தோழிதான்.

பரவாயில்லை, முதலில் பட்டத்தை வாங்கு என்று அவளிடம் சொன்னேன். பரவாயில்லை என்றது பொய். அத்தியாயம் போனதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.