பிரேக்கில் விட்ட விளக்கெண்ணெய்

எங்கள் வீட்டில் எதையும் இழுக்கக் கூடாது. கட்டிலோ குடமோ, தூக்கித்தான் வைக்க வேண்டும். அப்பாவை நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். அவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தார். உரசினால் தீ என்பது அங்கே முதல் பாடம். செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டபிறகுதான் உள்ளே போவார்களாம். அந்தச் சட்டம் வீட்டிலும் செல்லும். நான் ஸ்டூலைத் தரதரவென்று இழுத்தால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதர் சோற்றுக் கையோடு எழுந்து வந்துவிடுவார்.

பத்தாவது முடித்துப் பதினொன்றில் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். ஒரு பஸ் விடிவதற்கு முன்பே போய்விடும். அடுத்தது இரண்டு பீரியட் முடிந்தபிறகுதான் வரும். எங்கள் ஊரிலிருந்து மூன்று பெண்கள் நடந்து போனோம். தீபாவளி சீசன் சூடு பிடிப்பதற்குள் மற்ற இருவரும் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். கம்பெனி வேன் வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கும்போது யாருக்குத்தான் நடக்கப் பிடிக்கும்? என்னைத் தனியாக நடக்க விட அம்மாவுக்குப் பயம். என்னையும் வேனில் ஏற்றிவிடச் சொல்லித் தெருவே அம்மாவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். அதுமட்டும் வராமல் போயிருந்தால் என் படிப்பு அத்தோடு சரி.

பள்ளி மைதானத்திலேயே ஓட்டப் பழகி, ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். அய்யாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை, நான் குளிக்கப் போன நேரத்தில், அதை உருட்டிப் பார்த்துப் பிரேக்கைப் பிடித்திருக்கிறார். கிரீச் என்று ஒரு சத்தம். மனிதருக்கு உயிரே போய்விட்டது. விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து, பிரேக் கட்டைக்கும் சக்கர விளிம்புக்கும் தாராளமாகப் பூசிவிட்டார். மகளுக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை கண்மாய்க் கரைச் சரிவில் பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தது நான்தான், அது பிடிக்கவில்லை. நேராக வேலிக்கருவை முள்ளுக்குள் போய் விழுந்தேன். முழங்கை கிழிந்தது, யூனிபார்மும் கிழிந்தது. சைக்கிளை வெளியே இழுக்கும்போது விரலெல்லாம் விளக்கெண்ணெய் வாடை. யார் வேலை என்று அப்போதே புரிந்துவிட்டது. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

சாயங்காலம் வீட்டு முன்னால் கூட்டம்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிளு? வேன்ல ஏறுனமா எறங்குனமான்னு இருக்கணும்" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

"இருக்கன்குடியாத்தாதான் காப்பாத்துனா. நாளையிலருந்து வேன்ல போகட்டும்" என்றாள் அம்மா.

எண்ணெய் விஷயத்தைச் சொன்னால் அய்யாவை அம்மா வறுத்தெடுத்துவிடுவாள். சொல்லாவிட்டால் எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றாகி, என் படிப்பு நின்றுபோகும். ரொம்பத் தியாகியாகவெல்லாம் நான் யோசிக்கவில்லை. சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் சைக்கிள் பக்கத்தில் நின்றிருந்த அய்யா பேசிவிட்டார்.

"பிள்ள ஒழுங்காத்தான் ஓட்டிருக்கு. உரசுதேன்னு பிரேக்குல வெளக்கெண்ணெய விட்டது நாந்தான். நாளைக்கும் அது சைக்கிள்லதான் போகும்."

தெருவே சிரித்தது. அம்மா அவரைத் திட்ட ஆரம்பித்தவள் பாதியில் தானும் சிரித்துவிட்டாள். அய்யா தலையைக் குனிந்துகொண்டே சோப்புத் தூளைக் கரைத்து, பிரேக் கட்டைகளைத் தேங்காய் நாரால் தேய்த்தார். ஊர் முன்னால் தன்னை முட்டாளாக்கிக்கொண்ட அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன்.

விடிந்ததும் அய்யா என்னோடு கண்மாய்க்கு வந்தார். சரிவுக்குக் கீழே, ரோட்டோரம் நின்றுகொண்டு, "பிடி தாயி, நல்லா உரசட்டும்" என்றார். பிரேக் அலறியது. அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் அவருக்கு முன்னால் வந்து நின்றபிறகுதான் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி வேன் வந்து நின்றது. டிரைவர் என் முழங்கைக் கட்டைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, மறுபடியும் சைக்கிள்லயே விடுறீக? இன்னொருக்க விழுந்தா?" என்று கேட்டார்.

அய்யா வேன் படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

"விழுந்தா எந்திச்சிரும்ப்பா. இதுல ஏறிட்டா எறங்க முடியாதுல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் ஏறிக்கொண்டார்.