தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாத தோட்டம்

"நாசமாப் போறவனுங்க, நல்லாத்தானே இருந்துச்சு!"

மதியச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, இடது கையில் செல்போனைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாள் சந்திரவல்லி அக்கா. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. நான் அங்கே எடை போடுகிறவன். திரண்ட பச்சைக்காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று காலை முழுக்கப் பிரிக்கிற விரல்கள், சாப்பாட்டு நேரத்தில் 'குட்டித்தோட்டம்' விளையாடும். போனில் கத்தரியும் பூசணியும் போட்டு வளர்க்கிற விளையாட்டு. அதன் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்து முதல் பாகத்தை மூடிவிட்டார்கள். புதியதை இறக்கிக் கொடுத்த பாவத்துக்கு வசவில் எனக்கும் பங்கு கிடைத்தது.

"பழசுல செடி வாடும் தம்பி. ஒரு நா தண்ணி ஊத்தலைன்னா மஞ்சளாப் போயிரும். பக்கத்துத் தோட்டக்காரி வந்து ஊத்துனா, அவ பேரு போட்டு ஒரு கொடம் நிக்கும். இதுல பாரு, தண்ணி தெளிக்க மிசினு! அதுபாட்டுக்குச் சுத்துது. பெறகு எனக்கு என்ன சோலி இங்க?"

வாடாத செடி நல்லதுதானே என்று வாயை விட்டேன். அக்கா முறைத்தாள்.

விளையாட்டில் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரி வேறு யாருமில்லை, அவள் கூடப்பிறந்த தங்கை அனுசியா. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் குடியிருக்கிறாள். தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். "வெத்தலை பாக்கோட நேர்ல வந்து வைக்க மாட்டாளாமா? நான் என்ன அசலாளா?" அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு பேச்சும் நின்றது. ஆனால் போனில் மட்டும் இவள் செடிக்கு அவளும், அவள் செடிக்கு இவளும் தினமும் தண்ணீர் ஊற்றி வந்தார்கள். மலையில் மண் சரிந்து பஸ் ஓடாத வாரத்தில்கூட, தங்கையின் குடம் வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்குச் சோறு இறங்கியது.

எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. செடி வாடுவது சிரமம் என்று அந்தக் கம்பெனிக்காரனிடம் யார் போய் அழுதார்கள்? எங்கள் அக்கா அழவில்லை.

"அவ தோட்டமும் பச்சையாத்தான் நிக்குது. போனைத் தொட்டாளா, நல்லாருக்காளா, ஒரு எழவும் தெரியல."

"ஒரு போன் போட்டுக் கேளேன்" என்றாள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுந்தரம்மாள்.

"மூத்தவ நானா போடணும்?"

செடி வாடினால் பக்கத்துத் தோட்டத்துக்குச் சேதி போகிற வழி புதியதிலும் இருக்கிறது. மிஷின் சுற்றுகிறவரை வாடத்தான் வாடாது. அக்கா எதையெதையோ தடவிப் பார்த்து, கடைசியில் அந்த மிஷினைப் பிடுங்கி எறிந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் கத்தரி இலையெல்லாம் மஞ்சள்.

"ஏத்தா, பட்டுப் போகும்! வெரசா ஊத்து" என்று பதறினாள் சுந்தரம்மாள்.

"வாடட்டும். பாக்குறவ பாக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, கட்டைவிரல் தன்னால் திரையிலிருந்த தண்ணீர்க் குடத்தின் பக்கம் போனது. சட்டென்று இழுத்து, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, மடியில் கிடந்த போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.