எலும்பில் இறங்கிய நோய்

1978இல் முதுகு வலிக்கத் தொடங்கியபோது ஸ்டானிஸ்லாஸ் பழியை லோரியின் மேல் போட்டார். மலேசியாவில் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பல வருடம் ரப்பர் பால் ஏற்றிய லோரியை ஓட்டியவர். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற பிறகு ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில் குடியேறி, பலகைக் கடை ஒன்றுக்கு லோரி ஓட்டினார். செம்மண் ரோட்டில் குலுங்கின முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்பார். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கத்தரின் கேட்டதற்கு, "வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்லா," என்று வாயை அடைத்துவிட்டார். 

ஒருநாள் சிறுநீர் அடியோடு நின்றது. அடிவயிறு கல்லாக வீங்கி, ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுத்தான் இறக்கினார்கள். பரிசோதனைகள் முடிந்ததும் சீன டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிப் பேசினார். தாதி நவமணி தமிழில் சொன்னாள்.

"மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பியில புத்துநோய் ஐயா. ரத்தத்தோட போயி இடுப்பெலும்பு, முதுகெலும்புல எல்லாம் இறங்கிருச்சு. இந்த வெள்ளைத் திட்டெல்லாம் அதுதான்."

"அப்ப முதுகு வலி?"

"லோரியால இல்ல ஐயா."

எலும்புக்குப் போய்விட்டதை வெட்டி எடுக்க முடியாதாம். ஆணின் விதைகளில் சுரப்பதுதான் இந்த நோய்க்குத் தீனி. அவற்றை எடுத்துவிட்டால் கொஞ்ச காலம் அடங்கியிருக்கும். எவ்வளவு காலம் என்று கத்தரின் கேட்டாள். சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு இரண்டு மூன்று. மறுபடி கிளம்பினால் மாதக்கணக்குதான். இதைச் சொல்லும்போது நவமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டானிஸ்லாஸ் கத்தரினிடம் கேட்டார்.

"அத எடுத்துட்டா நான் என்னா ஆம்பள?"

"புள்ளைங்கள பெத்து வளத்தாச்சு. இனிமே என்னாத்துக்குங்க அது? எனக்கு நீங்க இருந்தா போதும்."

அறுவைக்குப் பின் வலி மளமளவென்று குறைந்தது. திடீர் திடீரென்று உடம்பில் சூடு ஏறி வியர்த்துக் கொட்டும். மற்றபடி மறுபடி லோரியில் ஏறிவிட்டார். குடலிறக்க ஆபரேஷன் என்று ஊரில் சொல்லிவைத்தார்.

வழக்கமாகத் தேநீர் குடிக்கும் சாப்பாட்டுக்கடையில், கடைக்காரர் மீரா சாஹிப் அடிக்கடி பின்கட்டுக்கு ஓடுவதை அவர் கவனித்தார். ஒரு மதியம் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்.

"பாய், ஒன்னுக்கு சரியா போவுதா?"

மீரா சாஹிப் சுற்றுமுற்றும் பார்த்தார். "அதெல்லாம் ஏன் அண்ணே கேக்குறீங்க?"

"எனக்கு நடந்தது குடலிறக்கம் இல்ல பாய்." மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாததை அன்று முழுதாகச் சொன்னார். "வெக்கத்துல நான் உள்ளுக்கே வச்சிருந்தேன். எலும்புக்குப் போனப்புறம்தான் கண்டுபிடிச்சாங்க. நாளைக்கே போலாம், நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

போனார்கள். மீரா சாஹிப்புக்கு அந்தச் சுரப்பியில் வெறும் வீக்கம்தான், புற்று இல்லை. சின்ன அறுவையோடு முடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, ஸ்டானிஸ்லாஸ் சீக்கிரமே எழுந்து வெளியே வந்துவிட்டார். அன்று வீடு திரும்பும்போது அவர் பஸ்ஸில் அழுததாக, கூட வந்த கத்தரின் பிற்பாடு சொன்னாள்.

1980 நடுவில் வலி திரும்பியது. முகம் வெளுத்து உடம்பு உருகியது. ஒரு ஞாயிறு தேவாலயப் பூசையில் முழந்தாளிட்டவர் எழ முடியாமல் அப்படியே சரிந்தார். முதுகெலும்பில் வளர்ந்த புற்று நரம்பை அழுத்திவிட்டது. கோலாலம்பூருக்கு அனுப்பி, புற்றைக் கருக்கும் கதிர்வீச்சான ‘கரண்டு’ வைத்தார்கள். வலி தணிந்தது, கால்களுக்கு அசைவு திரும்பவில்லை.

படுக்கைப் புண் வராமல் இருக்கக் கத்தரினும் மீரா சாஹிப்பும் சேர்ந்து அவரைப் புரட்டிவிடுவார்கள். ஒரு காலை அப்படிப் புரட்டும்போது தொடையெலும்பு சத்தத்தோடு முறிந்தது. யாரும் அழுத்திப் பிடிக்கக்கூட இல்லை. கத்தரின் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒன் மேல தப்பில்ல," என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "எலும்பு போயிருச்சு."

அதன் பிறகு மருந்து மயக்கத்திலேயே கிடந்தார். மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் கண் திறந்து கத்தரினின் விரலைத் தேடிப் பிடித்தார். ஒருக்களித்துப் படுக்கவைக்கட்டுமா என்று கேட்டாள், வேண்டாமென்று தலையசைத்தார். மழை விடுவதற்குள் மூச்சு அடங்கி அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.