அலமாரியில் என் பல்வரிசை

நிஸ்வா மருத்துவமனையின் உணவுக்கூடத்தில் சாப்பிடும்போது என் தலை இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் ஓமானியப் பெண் ஸல்மாதான் ஒரு காலையில் குப்ஸ் ரொட்டியைப் பிய்த்தபடி, “யாராவது உன்னைக் கூப்பிடுகிறார்களா?” என்று கேட்டாள். தூரத்துச் சத்தத்துக்குக் காது கொடுப்பவள் மாதிரியே தினமும் சாப்பிடுகிறேனாம். எனக்குத் தெரிந்த அரபியில், இடப்பக்கம் மட்டுமே மெல்கிறேன் என்று பல்லைக் காட்டி விளக்கினேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, மறுநாள் காதில் விடும் மருந்து ஒரு குப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நர்ஸுக்கே மருந்து. அன்பாகக் கொடுப்பதை எப்படி மறுப்பது? வாங்கி வைத்துக்கொண்டேன்.

கல்ஃபில் இருக்கும் நம் ஆட்களுக்கு இது சொல்லாமலே புரியும். செலவுக்குப் பயந்து நாம் பல்லுக்கு இங்கே வைத்தியம் பார்ப்பதில்லை. வலியைக் கிராம்பாலும் மாத்திரையாலும் தாஜா செய்து, லீவு வரும்வரை பொத்திவைத்து, பெட்டியோடு ஊருக்குக் கொண்டுபோகிறோம். ஊரில் இருக்கும் நீங்கள், வந்த மறுநாளே இவள் ஏன் டாக்டரிடம் ஓடுகிறாள் என்று யோசித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான், மகள் அனுவுக்கு நான்கு வயதாக இருந்தபோது, வலப்பக்கக் கடைவாய்ப் பல்லைக் கேரள எல்லையோரப் பாறசாலைக்குக் கொண்டுபோனேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. அந்த டாக்டரம்மா நோயாளிகளிடம் மலையாளத்தில் பேசுவார், திட்டும்போது மட்டும் தமிழுக்கு வருவார். என்னிடம் முதல் நாளிலிருந்தே தமிழ்தான்.

“கல்ஃபுகாரங்க எல்லாரும் லீவுக்குத்தான் பல்ல கொண்டு வருவினும். பல்லுக்கு லீவு தெரியுமா சேச்சி? ஈறுக்கு அடியில எலும்பு கரைஞ்சிட்டு உண்டு. வேர சுத்தம் பண்ணித் தாறேன். மூணு மாசம் கூடும்போ வந்து காட்டணும்.”

“மூணு மாசம் கூடும்போ நான் அங்கயாக்கும் டாக்டரே.”

அவர் பல் அச்செடுக்கும் இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து, சின்னத் தட்டில் அப்பி என் வாய்க்குள் அழுத்தினார். அது இறுகும்வரை அசையக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டேன். மாவு மெல்லக் குளிர்ந்தது. கீழே ஒரு ரயில் வந்து நின்றது. எந்தப் பக்கம் போகும் ரயில் என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை. அந்த அச்சில் பிளாஸ்டர் கலவை ஊற்றி வார்த்தபோது, என் பல்வரிசை மேலும் கீழும் வெள்ளை வெளேரென்று மேசையில் இருந்தது. அதை அளவாக வைத்து, பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பைத் திருவனந்தபுரத்தில் செய்யவேண்டும். நடுவில் ஒரு பந்த் வந்தது, பிறகு இன்னொன்று. கேப் வருமுன் என் விமானம் வந்துவிட்டது. தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்பினார். நிஸ்வாவில் ஒரு பேரீச்சம்பழத்தோடு அதையும் விழுங்கிவிட்டேன்.

என் கணவர் நெய்யாற்றின்கரையில் பம்புசெட் பழுது பார்ப்பவர். உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஸ்பேர் பார்ட் உண்டு என்று நம்புகிறவர். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, மஸ்கட்டுக்குத் திரும்பிய குன்னத்துகால்காரர் ஒருவரிடம் அட்டைப்பெட்டி கொடுத்துவிட்டிருந்தார். ஏத்தங்காய் சிப்ஸ், மாங்காய் ஊறுகாய், இரண்டுக்கும் நடுவே பிலிம் ரோல் டப்பாவில் பஞ்சு சுற்றி என் கேப். “அளவெடுத்துச் செஞ்சதாக்கும். அங்க ஆரு வச்சாலும் இருக்கும்,” என்றார் போனில். எங்கள் மருத்துவமனையின் சூடானியப் பல் டாக்டர் ஊறுகாய் மணக்கும் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “இறந்தவர் யார்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். என்னுடையதுதான் என்று நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அது உட்காரவில்லை. பக்கத்துப் பல், கேப்புக்காகச் சீவிய பல்லின்மேல் சாய்ந்திருந்தது. நீல மைத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். கேப்பின்மேல் மட்டும் மை ஒட்டியது, மற்ற பற்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. “இது போன வருடத்து வாய்க்குச் செய்தது,” என்றார். எனக்கு அழுகை வந்தது. பல்லுக்காக அழுவேன் என்று நினைத்ததில்லை.

அடுத்த லீவில் பல் ஆடிக்கொண்டிருந்தது. அனுவையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். அவள் நேரே டாக்டரம்மாவின் அலமாரிக்குப் போய் என் பல் வார்ப்பைத் தொட்டு, “இதாக்கும் அம்மா,” என்றாள். அவளுடைய பால்பல்லைக் காட்ட வந்தபோதெல்லாம் அவள் அப்பா இதைக் காட்டி, அம்மாவின் பல் என்று சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா நான் திரும்பக் கொண்டுவந்த கேப்பை எடுத்து அந்த வார்ப்பில் மாட்டினார். மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது.

“வாய்தான் மாறிப்போச்சு. ரெண்டு மாசம் கூடி நிக்க ஒக்குமா சேச்சி? பல்ல பிடிச்சு நிறுத்தப் பாக்கலாம்.”

லீவை நீட்டினால் வேலை இருக்காது. அனு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒக்காது, போகணும்,” என்றேன்.

பல்லைப் பிடுங்கினார். வலிக்கவில்லை, மரத்துப்போயிருந்தது. இறங்கும்போது அனு அந்த வார்ப்பை வீட்டுக்குக் கேட்டாள். கேப்போடு சேர்த்துப் பழைய துணியில் சுற்றிக் கொடுத்தார்.

போன வெள்ளிக்கிழமை போன் செய்தபோது, வார்ப்பு எங்கே இருக்கிறது என்று அனுவிடம் கேட்டேன். என் அலமாரியிலாம், என் சேலைகளுக்குப் பக்கத்தில்.

“எனக்க பல்லு தேச்சுக் கழிஞ்சு அம்மைக்க பல்லும் தேய்ப்பேன். இனி அது ஆடாதாக்கும்.”

இன்று காலை ரொட்டியை இடப்பக்கமே மென்றுகொண்டிருந்தேன். வலப்பக்கம் மெல்வதற்கு அந்தக் கடைவாய்ப் பல் இனி இல்லை. ஸல்மா என் தலை சாய்வதைப் பார்த்து, யாராவது கூப்பிடுகிறார்களா என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்றேன்.