நாற்காலி சுற்றட்டும்

என் மருமகளை அவள் வேலை செய்யும் பார்லரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். முடி வெட்ட வந்தவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவளைச் சுற்றிச் சுற்றி வருவாள். இந்தக் காதுப் பக்கம் ஒரு வெட்டு, அந்தக் காதுப் பக்கம் ஒரு வெட்டு, பிடரிக்கு ஒரு குனிதல், நெற்றிக்கு ஓர் எட்டு. வாயைத் திறக்க மாட்டாள். கத்தரி மட்டும் பேசும். நான் பள்ளிக்கூடம் போகாதவள்தான். ஆனால் ஒருத்திக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று பார்க்க எழுத்து வேண்டாம், கண் போதும். அவளுக்குப் பாதி வேலை கையில், பாதி வேலை காலில். அந்தக் கால்தான் ஒடிந்தது.

மாடியில் காய்ந்த பார்லர் துண்டுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு இறங்கினாள். கூடை கண்ணை மறைத்தது. படி முடிந்துவிட்டது என்று நினைத்து எட்டு வைத்தாள், இன்னும் ஒரு படி இருந்தது. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தரையில் கிடக்கிறாள், கூடை மட்டும் நெஞ்சுமேல் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு துண்டில்கூட அழுக்கு இல்லை. "துவைச்சது அத்தை, மறுபடி யார் துவைக்கிறது?" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துக் கட்டுப் போட்டார்கள். டாக்டர், "முட்டிக்கு மேல ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கீங்க. நான் சொல்ற வரைக்கும் அந்தப் பாதம் மட்டும் தரையில படக் கூடாது" என்று சொல்லி, கக்கத்தில் வைத்து ஊன்றும் கட்டை இரண்டைக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து படுத்த கையோடு போன் வந்தது. பேசி முடித்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றேன்.

"கடைக்கார அக்கா. மாசப் பிறப்புக்குள்ள வந்து நின்னு வெட்ட முடிஞ்சா வா, இல்லேன்னா மூணாவது நாற்காலிய புதுசா வந்திருக்கிற பொண்ணுக்குக் குடுத்துடுறேன்னு சொல்றாங்க."

அந்தக் கடையில் நான்கு நாற்காலிகள். மூன்றாவது இவளுடையது. அதில் பெயர் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அந்தத் தொழிலில் நாற்காலி போனால் போனதுதான். வேறொருத்தி கொஞ்ச நாள் நின்று வெட்டினால் வருகிறவர்களின் தலை அந்தக் கைக்குப் பழகிவிடும். கால் கூடின பிறகு இவள் போனால் தரை கூட்டச் சொல்வார்கள், துண்டு மடிக்கச் சொல்வார்கள்.

"நீ என்ன சொன்ன?"

"நிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"எதை வச்சுடி நிப்ப?"

"அதைத்தான் அத்தை வாங்கப் போறோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எங்கள் வீட்டிலேயே ஒரு வாக்கர் இருக்கிறது. நாலு கால், நாலு கால்களிலும் ரப்பர். என் இடுப்பு வலிக்கென்று மகன் வாங்கி வந்தது. அது கிழவிகள் பிடித்து நடக்கிற சாமான். நான் சுவரைப் பிடித்து நடக்கிறேன், சுவர் எங்கும் இருக்கிறது. வாக்கரில் துண்டு காயப்போடுகிறோம். "அதை எடுத்துக்கோ, நாலு கால் உள்ளது விழாது" என்றேன்.

"நீங்களே தொடாததை என் தலையில ஏன் கட்டுறீங்க?" என்றாள். ஆனாலும் நான் சொன்னது தப்பு இல்லை; அது பின்னால் வரும்.

மகன் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவன். அவனுக்கு மனுஷர்களும் மோட்டார்தான். ஓடவில்லை என்றால் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று பார்ப்பான். எங்கள் இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி, நோயாளிச் சாமான் விற்கும் கடைக்குக் கூட்டிப்போனான். கடைக்காரர் வழுக்கைத் தலையர். என் மருமகள் பையிலிருந்து சீப்பையும் கத்தரியையும் எடுத்து, "அண்ணே, கொஞ்சம் இந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா? வெட்ட என்ன இருக்கு?"

"இருக்குன்னு நெனச்சுக்கோங்க."

ஒவ்வொரு சாமானாகப் பிடித்துக்கொண்டு அவர் தலையைச் சுற்றிப் பொய் வெட்டு வெட்டினாள். கக்கத்துக் கட்டையில் நின்றால் இரண்டு கையும் கட்டைக்கே போய்விடுகிறது. வாக்கரைப் பிடித்தால் முன்கம்பி இடிக்கிறது, தலை எட்டவில்லை. வீல்சேரில் உட்கார்ந்தால் அவர் உச்சந்தலை இவள் மூக்குக்கு மேலே இருக்கிறது. "நான் பின்னால நின்னு தள்றேன்" என்றான் மகன். "நீங்க தள்ளுங்க. உங்க மோட்டாரை யார் பாக்கிறது?" என்றாள். கடைக்காரர் அதற்குள் கண்ணை மூடி, தலையை அவள் சொல்கிறபடி சாய்க்கப் பழகிவிட்டார்.

கடைசியாக ஒரு வண்டி எடுத்து வந்தார். சின்னச் சக்கரம் நாலு, மேலே மெத்தை. அடிபட்ட காலை மடக்கி முட்டியை மெத்தையில் வைத்து, நல்ல காலால் தள்ளிக்கொண்டு போவது. நின்றுவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. வழுக்கையரை இரண்டு சுற்று சுற்றினாள். பம்பரம் மறுபடி பம்பரம் ஆகிவிட்டது. அதையே வாடகைக்கு எடுத்தோம். "சக்கரம் வச்சது எதையும் நம்பாதே" என்று நான் சொன்னேன். கிழவி பேச்சு யார் காதில் விழும்?

மறுநாள் நானும் கூடவே பார்லருக்குப் போய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் தலை நன்றாக நடந்தது. இரண்டாவது தலையும் சரி. மூன்றாவதாக வந்தவளுக்கு இடுப்பு வரை முடி, தோளுக்கு மேல் வெட்டச் சொன்னாள். முடி தரையில் குவிந்தது. அந்தக் குவியலுக்குள் வண்டி போனது. போனது, வரவில்லை. நாலு சக்கரத்திலும் முடி சுற்றி இறுகி, நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. இவள் ஒரு பக்கம் சாய்ந்து, கத்தரியை வீசி எறிந்துவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். விழுந்தாலும் கத்தரி அடுத்தவள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

கடைக்கார அக்கா வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பம்பரம், போய் ரெஸ்ட் எடு. நாற்காலியை அந்தப் பொண்ணு பாத்துக்கட்டும்."

"அக்கா, மாசப் பிறப்பு இன்னும் வரலையே."

"வந்தா மட்டும் என்ன ஆகும்?"

"அன்னிக்கு வந்து உங்க முடியையே வெட்டுறேன். பிடிக்கலேன்னா நானே சாமானை எடுத்து வச்சுடுறேன்."

அந்த அக்கா தன் தலையை லேசில் யாரிடமும் கொடுக்க மாட்டார். கொடுத்தாலும் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். இங்கே குறைச்சல், அங்கே அதிகம் என்று நாலு பேருக்குச் சமமாகப் பேசுவார். "சரி, வா பாக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து, கொண்டை ஊசியால் சக்கரங்களிலிருந்து முடியை இழுத்து எடுத்தாள். கறுப்பு, நரை, சாயம் போட்ட செம்பட்டை எல்லாம் ஒரே திரியாக வந்தது. நான் ஆறுதல் சொல்ல வாய் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அவள் பார்வை மூலையில் இருந்த வாக்கர்மேல் இருந்தது.

துண்டுகளை உருவிப் போட்டாள். வாக்கரைத் தூக்கி, கம்பிப் பக்கம் சுவரோடு ஒட்டும்படியும் திறந்த பக்கம் முன்னால் வரும்படியும் திருப்பி வைத்தாள். நாம் எல்லாரும் அதை நெஞ்சுக்கு முன்னால் பிடிக்கிறோம். இவள் முதுகைக் கொடுத்து உள்ளே நின்றாள். பின்னால் கம்பி, அதற்குப் பின்னால் சுவர், இரண்டு பக்கமும் பிடி. மகன் உயரத்தைக் கூட்டிக் கொடுத்தான். அடிபட்ட காலின் முட்டிக்குக் கீழே என் ஸ்டூலை வைத்து, அதன்மேல் ஒரு தலையணை கட்டினான். சக்கரம் எதிலும் இல்லை.

"நீ நின்னுட்ட. சுத்துறது யாரு?" என்றேன்.

"நாற்காலி சுத்தட்டும் அத்தை. அதுக்குக் கால் உடையலையே."

மகன் தன் கடையிலிருந்து சுழல் நாற்காலியைக் கொண்டுவந்தான். உட்கார ஒரு தலை வேண்டும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் முடியில் இதுவரை கத்தரி பட்டதில்லை. "நுனி மட்டும்" என்றேன்.

அவள் என்னைத் தள்ளித் திருப்பினாள். எதிரே இருந்த கண்ணாடி போய் அலமாரி வந்தது, அப்புறம் ஜன்னல் வந்தது. பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. கத்தரிச் சத்தம் மட்டும் கேட்கிறது. "ஏய், நிறுத்து! என்னடி பண்ற? எவ்வளவு எடுத்த?" என்று எழுந்துவிட்டேன்.

அவளும் பயந்துதான் போனாள். நான் கத்தியதால் இல்லை. கண்ணாடி தெரியாவிட்டால் அந்த அக்காவும் இப்படித்தான் எழுந்துவிடுவார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "உக்காருங்க அத்தை" என்றாள். பிறகு, கத்தரி பிடித்தால் வாயே திறக்காத என் மருமகள், பேச ஆரம்பித்தாள்.

"இப்போ இடது காதுக்குப் பின்னால இருக்கேன். ரெண்டு விரல் அகலம் எடுக்கிறேன். சீப்பு வருது. இப்போ பிடரி. கொஞ்சம் குனிங்க. இப்போ உங்களைத் திருப்பப் போறேன்."

முதலில் திக்கித் திக்கித்தான் வந்தது. மூன்றாவது திருப்பத்தில் எனக்குப் பயமே இல்லை. கண்ணாடி பொய் சொன்னாலும் இவள் சொல்ல மாட்டாள் என்று தோன்றியது. நுனி மட்டும் என்றவள் கழுத்து வரை கொடுத்துவிட்டேன். கழுத்துக்குக் காற்று நன்றாக இருக்கிறது.

மாதம் பிறந்தது. வாக்கரையும் ஸ்டூலையும் ஆட்டோவில் ஏற்றிப் போனோம். மூன்றாவது நாற்காலிக்குப் பக்கச் சுவரோடு வாக்கரை ஒட்டி வைத்து, முதுகைக் கொடுத்து நின்றாள். புதுப் பெண் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அக்கா உட்கார்ந்தார், கண்ணாடியை முறைத்தார். இவள் நாற்காலியைத் திருப்பினாள். அக்காவுக்கு எதிரே வெறும் சுவர்.

"எனக்கு எதுவும் தெரியலையே."

"நான் சொல்றேன் அக்கா. இப்போ வலது காதுப் பக்கம். நுனியில பிளந்திருக்கு, அது மட்டும் போகுது."

"ரொம்ப எடுக்காத."

"ஒரு நகம் அளவு. இப்போ திருப்பப் போறேன்."

அக்கா முதலில் இரண்டு தடவை பேசினார். பிறகு ஒரு தடவை. பிறகு சத்தமே இல்லை. கோபமோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்! இவள் மட்டும் நிறுத்தாமல், அதே தாழ்ந்த குரலில், "இப்போ உச்சி... இப்போ நெத்தி..." என்று தூங்குகிறவரிடம் சொல்லிக்கொண்டே வெட்டினாள்.

கண்ணாடிப் பக்கம் திருப்பித் தோளைத் தொட்டாள். அக்கா விழித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பிடரியைத் தடவினார். பிறகு புதுப் பெண்ணிடம், "உன் சாமானை நாலாவதுல வச்சுக்கம்மா. அங்க வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றார். என் பக்கம் திரும்பி, "பாட்டி, இந்த வாக்கர் இங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு வேற ஒண்ணு வாங்கித் தரட்டுமா?" என்றார்.

"எனக்கு எதுக்கு? அது கிழவிங்களுக்கு" என்றேன்.

திரும்பும்போது ஆட்டோ நிற்கும் இடம் வரை நடந்தோம். அவள் கக்கத்துக் கட்டையில், நான் சுவரைப் பிடித்தபடி. இரண்டு பேருக்கும் ஒரே வேகம். ஓரிடத்தில் சுவர் முடிந்து ஒரு பெரிய கேட் வந்தது. பிடிக்க ஒன்றும் இல்லை. நான் நின்றேன். அவளும் நின்றாள். வாக்கர் பேச்சை எடுப்பாள் என்று நினைத்தேன், எடுக்கவில்லை.

"இப்போ கேட்டு அத்தை. தரை சமமாத்தான் இருக்கு. ஒரு எட்டு வைங்க. இன்னொண்ணு. இதோ, அடுத்த சுவர் வருது" என்றாள்.

வந்தது.