விண்வெளி முட்டையின் பின்பக்கம்

ஃபைபர் பட்டறைத் தொழிலில் ஒரு விதி உண்டு: நாம் எதைச் செய்து வைத்தாலும், பார்க்க வருகிறவர் முதலில் அதை விரல் முட்டியால் தட்டி, "உள்ள காலியா?" என்று கேட்பார். ரெசின் நாற்றத்தோடு வீட்டுக்குப் போய், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஃபைபர் தூசி அரிக்கும் முழங்கையைச் சொறிந்துகொண்டு உட்காரும் சக தொழிலாளிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் கேளுங்கள். எட்டடி உயரத்தில் ஒரு விண்வெளி முட்டை செய்த கதை. சொல்லி முடித்தால் அரிப்பு கொஞ்சம் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

தூணுக்கு விடுமுறை

எங்கள் பட்டறை பெங்களூர் ஜீவனஹள்ளியில் இருக்கிறது. முதலாளி கலா அக்கா. கல்யாண மேடைக்குத் தூண், யானை, வளைவு என்று செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. தூணில் எங்காவது பொத்தல் விழுந்துவிட்டால் அதன்மேல் ஒரு தாமரையை ஒட்டிவிடுவோம். பெங்களூர் மண்டபம் எதிலாவது, தூணில் ஒரு தாமரை மட்டும் இடம் தவறிப் பூத்திருந்தால் அது எங்கள் கைவரிசையாக இருக்கலாம். நான்கு வருடம் தூண் தேய்த்ததில் எனக்குக் கல்யாணச் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் பிரசன்னா வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. பழைய வெளிநாட்டு விண்வெளித் தொடர் ஒன்றுக்கு இங்கே ரசிகர் குழு நடத்துகிறார். அந்தத் தொடரில், கலம் வெடிக்கப் போகும்போது கதாநாயகன் ஏறித் தப்பிக்க ஒரு கூண்டு வருமாம். முட்டை வடிவம், மேல்நோக்கித் திறக்கும் கதவு. அதை அசல் அளவில் செய்து, அல்சூரில் நடக்கும் ரசிகர் கூட்டத்தில் ஹால் நடுவே நிறுத்த வேண்டும். அக்கா முடியாது என்றார். நான் விடவில்லை. இது நன்றாக வந்தால் டிவி, சினிமா, நாடகம் என்று வேலை வரும், தூணை விட்டுவிடலாம் என்று பின்னாலேயே நடந்து கெஞ்சினேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செய்யி. ஆனா அவங்க வேணாம்னு திருப்பி அனுப்புனாங்கன்னா, அப்புறம் தூணப் பத்தி உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வரக்கூடாது, இன்னா?"

கதாநாயகனின் காலணி

வரைபடம் இருக்கிறதா என்று பிரசன்னாவிடம் கேட்டேன். செல்போனை நீட்டினார். தொடரை அங்கங்கே நிறுத்தி எடுத்த அறுபது படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை, பாதியில் புகை. அளவு ஒன்றுகூடக் கிடையாது. கதாநாயகனின் உயரம் ஆறடி இரண்டங்குலம், அதை வைத்துக் கணக்குப் போடலாம் என்றார். படத்தில் அவருடைய காதுக்கு நேரே கதவு மடிப்பு, இடுப்புக்கு நேரே பிடி. இரண்டு நாள் நூலும் அளவுகோலுமாக உட்கார்ந்து, எட்டடி இரண்டரை அங்குலம் என்று முடிவுகட்டி, மரச் சட்டம் அடித்தேன்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. குழுவில் பெரிய சண்டையாம். நடிகர் உண்மையில் அவ்வளவு உயரம் கிடையாது, படப்பிடிப்பில் உயர்த்தி வைத்த ஷூ போட்டிருந்தார் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்களாம். நான் அடித்த சட்டத்தையும் ஆணிகளையும் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். "ப்ரோ, ஹீரோ வெறும் ஆறடிதானாமுங்க. ஷூவக் கழிச்சுட்டு இன்னொருக்கா அடிச்சிருங்க."

யாரும் பார்க்காத பக்கம்

மறுபடி அடித்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அறுபது படத்திலும் முட்டையின் முன்பக்கம்தான் இருக்கிறது, பின்பக்கம் எப்படி இருக்கும்? பிரசன்னாவிடம் கேட்டேன். தொடர் முழுக்கப் பின்பக்கத்தைக் காட்டவே இல்லையாம். குழுவில் பாதிப் பேர் அங்கே குழாய்கள் இருந்தன என்கிறார்கள், மீதிப் பேர் மொழுமொழுவென்று இருந்தது என்கிறார்கள். இதனால் இரண்டு பேர் பேசிக்கொள்வதே இல்லையாம்.

எங்கள் மேடை வேலையில் இது ஒரு பிரச்சினையே கிடையாது. மேடையின் பின்பக்கம் சட்டமும் சாக்கும் ஆணியுமாகத்தான் நிற்கும், அங்கே சமையல்காரர் பீடி பிடிப்பார். ஆனால் முட்டை ஹால் நடுவில் நிற்கப் போகிறது, சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். மொழுமொழுவென்றே விட்டுவிடலாம் என்று முடிவானது. பிரசன்னா அதோடு நிறுத்தவில்லை. "தொடர்ல இல்லாத ஒரு ஸ்க்ரூகூட இருக்கக்கூடாதுங்க ப்ரோ. எங்க குரூப்ல ஒரு அங்கிள் இருக்காரு, அவர் கண்ணுல பட்டா மொத்தத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லிருவாரு."

எத்தனை லிட்டர்

களிமண் பூசி வடிவம் பிடிக்க உள்ளே இடம் போதாமல் முட்டையைப் பட்டறை வாசலில் நிறுத்தினோம். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். கோயில் கலசமா என்றார் ஒருவர். பிள்ளைகள் சறுக்கி விளையாடவா என்றார் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் தொடர், கலம், கதாநாயகன் என்று முதலிலிருந்து சொன்னேன். என் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே எட்டாது, அதனால் எல்லாவற்றையும் இரண்டு முறை சொன்னேன்.

எதிர் வீட்டு அம்மா மட்டும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். விண்வெளியில் காற்று இருக்காது என்பதற்குக்கூடத் தலையாட்டினார். மகிழ்ந்துபோய், வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். "அதெல்லாம் சரிப்பா, எத்தன லிட்டர் புடிக்கும்? எங்க மாடியில டேங்க் ஒடஞ்சு போயி ஒரு மாசமாச்சு."

தாமரை

இனி வருவது முழுக்க என் தப்பு. களிமண் முட்டையிலிருந்து முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சு எடுத்திருந்தோம். ஃபைபர் ஊற்றும் முன் அச்சுக்குள் ஓர் இடம் விடாமல் மெழுகு தேய்க்க வேண்டும். தேய்க்காத இடத்தில் பிடித்துக்கொள்ளும். நான் பின்பாதி அச்சுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரசன்னா போன் செய்து, கதவில் ஸ்க்ரூ பதினொன்றா பன்னிரண்டா என்று முக்கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் தேய்த்து முடித்ததாக நினைத்துக்கொண்டேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அச்சைப் பிரித்தோம். முன்பாதி வெண்ணெய் மாதிரி வந்தது. பின்பாதி, நட்ட நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பிய்ந்துகொண்டு வந்தது.

புதிதாக ஊற்ற நேரம் இல்லை. ஒட்டுப்போட்டால் அந்த வளைவில் வீங்கித் தெரிகிறது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மெழுகை முழுக்கத் தேய்த்தேன் என்று சத்தியம் செய்யலாமா என்றுகூடத் தோன்றியது. அக்கா திட்டவில்லை. உள்ளே போனார், தூண் வேலைக்கு வைத்திருந்த பெரிய தாமரையை எடுத்து வந்தார், ஓட்டைமேல் வைத்து அழுத்தினார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அக்கா, அது விண்வெளிக் கூண்டு, தாமரை எப்படி வரும் என்று பதறினேன். "ஏன், மேல போறவனுக்குப் பூ வெக்கக்கூடாதா? கையெடு, காயட்டும்."

கீறல்

பெயிண்ட் அடித்தவர் சாதிக் பாய். பழைய கார்களைப் புதிது போலாக்கிப் பழகிய கை. என்ன நிறம் என்று கேட்டார். சாம்பல் என்றேன். டிவி கறுப்பு வெள்ளை என்றால் அந்த முட்டையும் சாம்பல் நிறம்தானா, உன் தாத்தா கல்யாண போட்டோவில் உன் பாட்டி புடவை என்ன நிறம் என்று மடக்கினார். பிறகு அவரே சாம்பல் அடித்து, தாமரையைச் சுற்றி ஒரு வரிசை ஸ்க்ரூவும் பதித்து, அது ஏதோ இயந்திரம் போலத் தெரியும்படி செய்தார். அதற்கு அவரை வாழ்த்துகிறேன்.

ஆனால் தொடரில் அந்தக் கூண்டு பல கிரகம் போய் வந்தது, இடது பக்கம் மூன்று கீறல் இருந்தாக வேண்டும். நான் ரம்பத் தகட்டால் கீறினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் புட்டிப் பசை வைத்து மூடி, மேலே ஒரு பூச்சும் கொடுத்திருந்தார். மறுபடி கீறினேன், மறுபடி மூடினார். கடைசியில் அவர் மதியத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்துக் கீறி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிவிட்டேன். திரும்பி வந்தவர் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என் கையி பட்டது கீறலோட ரோட்டுக்குப் போனா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு தம்பி வெளிய வர்றது?"

உள்ளே யாரோ

கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தொடரில் அது தானாகத் திறக்கும். படப்பிடிப்பில் பின்னால் ஒருவர் கயிறு இழுத்திருக்கிறார், நாங்களும் கயிறுதான் கட்டினோம். டெம்போவில் போகும்போது கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, நான் உள்ளே உட்கார்ந்து பிடித்துக்கொண்டு அல்சூர் வரை போனேன். ஹாலில் நிமிர்த்தி நிறுத்தியபோது கயிறு அறுந்து கதவு சிக்கிக்கொண்டது. அக்காவும் சாதிக் பாயும் சாமான் எடுக்க வண்டிக்கு ஓடினார்கள். அதற்குள் ரசிகர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

முதலில் ஒருவர் தட்டினார். "உள்ள காலியா?" இல்லீங்க என்றேன், யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் பிரசன்னாவின் குரல், "அங்கிள், வாங்க அங்கிள்" என்று. கதவு ஸ்க்ரூக்களை ஒருவர் மெதுவாக எண்ணுவது கேட்டது. பன்னிரண்டில் நிறுத்தினார். செருப்புச் சத்தம் என் முதுகுப் பக்கமாக வந்து நின்றது. "ப்ரோ என்ன பண்ணி வெச்சிருக்காரு இது..." என்று பிரசன்னா முனகினார். இருட்டில், வியர்வையில், என் மிச்ச வாழ்நாள் தூண்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பெரியவர் தாமரையைத் தடவும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமினார். "இது கடைசி எபிசோட்ல ஒரே ஒரு செகண்ட் வரும். நான் பாத்திருக்கேன். நீங்க யாரும் கவனிச்சிருக்க மாட்டீங்க."

அடுத்த ஆர்டர்

அதற்கப்புறம் எல்லோருமே பார்த்திருந்தார்கள். குழாய்க்காரர்களும் மொழுமொழுக்காரர்களும் தாமரைக்கு முன்னால் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். என்னை வெளியே எடுத்தபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரவாயில்லை, முட்டை திரும்பி வரவில்லை. மறுநாள் காலை பட்டறையில் தூண் அச்சுகளை ஒரு மூலைக்குத் தள்ளி, மேலே சாக்கு போட்டு மூடினேன்.

பத்தாம் நாள் பிரசன்னா போன் செய்தார். குழுவில் இருவர் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பின்பக்கத்துக்காகப் பேசிக்கொள்ளாமல் இருந்து, அன்று தாமரை பார்த்துச் சண்டை தீர்ந்தவர்கள்தானாம். ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் புகைக்கு நடுவே முட்டைக்குள்ளிருந்து இறங்கி வர வேண்டும், தாமரை இந்த முறை முன்பக்கம். போனை அக்காவிடம் கொடுத்தேன். பேசி முடித்துவிட்டு, மூலையைக் கையால் காட்டினார். "சாக்க எடு தம்பி. முட்டைக்கு ரெண்டு பக்கமும் நாலு நாலு தூணு கேக்குறாங்க."

ஆக, தோழர்களே, வெடிக்கிற கலத்திலிருந்து ஆளைத் தப்பிக்க வைக்கும் கூண்டைச் செய்யத் தெரிந்த எனக்கு, கல்யாண மேடையிலிருந்து தப்பிக்க ஒன்று செய்ய இன்னும் தெரியவில்லை.